சமஷ்டி என்றால் பிரிவினையா? சலாலாவிலிருந்து ஒரு மறுப்பு



சமஷ்டி கேட்பவன் நாட்டைத் துண்டாடக் கேட்கின்றான் என்னும் பொய் இலங்கையின் அரசியல் மேடைகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அதை அங்குள்ளோர் சொல்வதில் வியப்பில்லை. வளைகுடா நாடுகளில் வாழும் நம்மவரில் சிலரும், "ஒரே நாடு, ஒரே அதிகாரம் என்றால்தான் முன்னேற்றம், இந்த வளைகுடாவைப் பாருங்கள்" என்று தம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகின்றார்களே, அதுதான் வேதனை. சரி, வளைகுடாவையே பார்ப்போம்.

சலாலாவிலிருந்து வடக்கே நெடுந்தொலைவில் இருப்பது ஐக்கிய அரபு அமீரகம். நம் உறவினர் பலர் அங்கு உழைக்கின்றனர். அந்த நாட்டின் பெயரிலேயே 'ஐக்கிய' என்னும் சொல் ஏன் இருக்கின்றது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1971 முடிவதற்குள் வளைகுடாவை விட்டு வெளியேறுவதாகப் பிரித்தானியா 1968 ஜனவரியில் அறிவித்தது. அடுத்த மாதமே அபுதாபியின் ஷேக் சாயித்தும் துபாயின் ஷேக் ராஷித்தும் பாலைவனத்தில் சந்தித்து ஒன்றிணைய உடன்பட்டனர். ஒன்பது ஆட்சிப்பகுதிகள் சேர்வதாக இருந்தது. பேச்சுவார்த்தை மூன்றாண்டுக்கு மேல் இழுபட்டது. பஹ்ரைனும் கட்டாரும் விலகித் தனி நாடுகளாயின. எவரும் அவர்கள் மீது படை அனுப்பவில்லை. 1971 டிசம்பர் 2இல் ஆறு அமீரகங்கள் இணைந்தன. ராஸ் அல் கைமா தயங்கி நின்று, 1972 பெப்ரவரி 10இல் தானாகவே வந்து சேர்ந்தது.

அவர்கள் எழுதிய அரசியலமைப்பைப் பாருங்கள். மத்திக்கு ஒப்படைக்கப்படாத அதிகாரம் அனைத்தும் அமீரகங்களுக்கே உரியது. எண்ணெய் முதலான இயற்கை வளம் அந்தந்த அமீரகத்தின் சொத்து. ஏழு ஆட்சியாளரும் அமரும் உச்ச மன்றத்தில் முக்கிய விடயங்களுக்கு ஐவரின் சம்மதம் வேண்டும். அந்த ஐவரில் அபுதாபியும் துபாயும் இருந்தாக வேண்டும். நாற்பது உறுப்பினர் கொண்ட தேசிய மன்றத்தில் அபுதாபிக்கு எட்டு இடம், சின்னஞ்சிறு புஜைராவுக்கு நான்கு. இந்த ஏற்பாட்டை முதலில் தற்காலிகம் என்றுதான் எழுதினார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து பார்த்து 1996இல் நிரந்தரமாக்கினார்கள். ஆட்சியாளரை மக்கள் தேர்ந்தெடுக்கும் நாடல்ல அது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதிகாரத்தைப் பகிர்ந்ததால் அது உடைந்துவிடவில்லை.

நாம் வாழும் ஓமானோ சமஷ்டி நாடன்று. எனினும் இந்த டோபார் மண் சொல்லும் பாடமும் சிறிதன்று. 1965இல் இங்கு மூண்ட கிளர்ச்சி பத்தாண்டு நீடித்தது. 1970 ஜூலை 23இல் இதே சலாலா அரண்மனையில் சுல்தான் கபூஸ் தம் தந்தையை அகற்றி ஆட்சிக்கு வந்தார். 'மஸ்கட்டும் ஓமானும்' என்றிருந்த நாட்டின் பெயர் ஒரே ஓமான் ஆயிற்று. பிரித்தானிய அதிகாரிகளும் ஈரானியத் துருப்பினரும் அவருக்காகப் போரிட்டனர் என்பது உண்மையே. ஆயினும் அவர் பொதுமன்னிப்பு வழங்கினார். சரணடைந்த மலைவாழ் மக்களின் கையிலேயே ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்துத் தம் பக்கம் நிறுத்தினார். மலைமீது கிணறும் பள்ளியும் மருத்துவமனையும் ஏறின. நெடுங்காலம் டோபாரின் ஆளுநர் இராஜாங்க அமைச்சர் தகுதியுடையவராக இருந்தார். தோற்றவனை அவமதிக்காமல் ஒரு நாட்டைக் கட்டலாம் என்பதற்கு நாம் நாள்தோறும் நடக்கும் தெருக்களே சாட்சி.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். நம் பிள்ளைகள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் கதைதான். 1776இல் விடுதலையை அறிவித்த பதின்மூன்று மாநிலங்கள் முதலில் அமைத்த கூட்டிணைப்பில் மத்திக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. அது தள்ளாடியபோது, 1787இல் பிலடெல்பியாவில் கூடினர். சிறிய மாநிலங்கள் அஞ்சின. அந்த அச்சத்தை எவரும் துரோகம் என்று ஏசவில்லை; அதற்கு விடையாகவே செனற் சபை பிறந்தது. அங்கே வேர்ஜீனியாவுக்கும் இரண்டு இடம், மக்கள்தொகையில் அதன் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லாத டெலாவெயருக்கும் இரண்டு இடம். ரோட் ஐலண்ட் மாநாட்டுக்கே வரவில்லை, 1790இல்தான் இணைந்தது.

அமெரிக்கா பின்னர் உள்நாட்டுப் போரில் எரியவில்லையா என்று கேட்பீர்கள். எரிந்தது, 1861இல். ஆனால் எதனால்? அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. அவர்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ணி, அந்த எண்ணிக்கையின் பலனை உரிமையாளருக்கு வழங்கினார்கள். அதிகாரத்தைப் பகிர்ந்ததற்காக அன்று, ஒரு மக்கள் கூட்டத்தை விலக்கி வைத்ததற்காகவே அந்நாடு குருதி சிந்தியது.

இலங்கையில் நடந்தது என்ன? சோல்பரி அரசியலமைப்பு ஒற்றையாட்சியைத் தந்தது. சிறுபான்மையினருக்குக் காவலாக 29ஆம் பிரிவு ஒன்று. செனற் சபையும் இருந்தது. ஆனால் அதில் பாதிப்பேர் நியமனம், மீதிப்பேர் கீழ்ச்சபை தேர்ந்தவர். மாகாணங்களின் குரலுக்கு அங்கு இடமில்லை. 1948 பெப்ரவரி 4இல் விடுதலை. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம். 1947 தேர்தலில் தமக்கெனப் பிரதிநிதிகளை அனுப்பிய மலையகத் தமிழரால் 1952இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. அந்த 1948இல்தான் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சர் பதவி ஏற்றார் என்பதையும் நாம் மறக்கலாகாது. செல்வநாயகம் வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

சமஷ்டியை முதலில் பேசியவர் அவரும் அல்லர். 1926இல் அதை முன்மொழிந்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா! மறு ஆண்டு டொனமூர் ஆணைக்குழுவிடம் அதைக் கேட்டவர்கள் கண்டிச் சிங்களவர். சிங்களவர் கேட்டால் அரசியல் யோசனை, தமிழர் கேட்டால் பிரிவினையா?

1970இல் அரசியல் நிர்ணய சபை கூடியபோது மறுபடியும் ஒரு வாய்ப்பு வந்தது. தமிழரசுக் கட்சி அங்கே சமஷ்டி யோசனையை வைத்தது. அது நிராகரிக்கப்பட்டது; கட்சி 1971இல் சபையைவிட்டு வெளியேறியது. 1972 மே 22இல் 29ஆம் பிரிவு போய், 'ஒற்றையாட்சி அரசு' என்னும் சொல் அரசியலமைப்பில் ஏறியது. செனற் சபை முந்திய ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. நான்கே ஆண்டுகளில், 1976இல், வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. தனிநாட்டுக் கோரிக்கையைச் சமஷ்டி பெற்றெடுத்ததா, சமஷ்டி மறுக்கப்பட்டது பெற்றெடுத்ததா என்பதை ஆண்டுகளின் வரிசையே காட்டுகின்றது.

பெற்றோரே, பிலடெல்பியாவின் ஆண்டைத் தவறாமல் ஒப்புவிக்கும் உங்கள் மகளிடம் 1972 மே 22 என்ன நாள் என்று கேட்டுப் பாருங்கள். இளையோரே, அடுத்த முறை 'சமஷ்டி வேண்டாம், நாடு உடையும்' என்று ஒரு மாமா விருந்தில் சொன்னால், ராஸ் அல் கைமா ஏன் எழுபது நாள் தாமதித்தும் வந்து சேர்ந்தது என்று அவரிடம் மரியாதையோடு கேளுங்கள்.