வேகம் மட்டுமா பொறியியல்?



பாய்மரப் படகு என்றதும் நம்ம கண் முன்னால் வருவது எது? உயரமான ஒரு மரம், அதை நாலாபக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள், முக்கோணப் பாய். இதற்குப் பெர்முடா அமைப்பு என்று பெயர். ஒருத்தர், ரெண்டு பேர் மட்டும் நெடும்பயணம் போகும் சிறு படகுகளில் இன்று பெரும்பாலும் இதுதான். எதிர்காற்றில் ஏறிப் போவதில் இது கெட்டி. அதற்காக மற்றதெல்லாம் பழைய பஞ்சாங்கம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்ததை வைத்தே பார்ப்போம். கம்பிகளை முறுக்க முறுக்க மரத்தின் மேல் அமுக்கு விசை ஏறுகிறது. முக்கியமான கம்பியில் ஒரு பின் உடைந்தால் போதும், மொத்த மரமும் சாய்ந்துவிடலாம்.

சீனர்களின் ஜங்க் அமைப்பைப் பாருங்கள். மரம் அடிப்பக்கப் பிடிப்பிலேயே நிற்கும். தாங்கு கம்பி வேண்டாம். பாய் முழுக்கக் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் நுனிகளில் கயிறுகள். இழுவிசை ஓரிடத்தில் குவியாமல் பிரிந்துவிடுகிறது. தூக்குக் கயிற்றைத் தளர்த்தினால் பாய் தன் எடையிலேயே மடிந்து இறங்கும். கிழிந்தாலும் கிழிசல் பெரும்பாலும் அடுத்த சட்டத்தோடு நின்றுவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 1960-ல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்குத் தனியாள் படகுப் போட்டி நடந்தது. கலந்துகொண்டவை ஐந்தே படகுகள். பிரான்சிஸ் சிசெஸ்டர் சுமார் 40 அடிப் படகில் 40 நாளில் முதலாவதாக வந்தார். ஹேஸ்லர் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, ஜங்க் பாய் கட்டிய ‘ஜெஸ்டர்’ படகில் 48 நாளில் இரண்டாவது. ஜெஸ்டரின் நீளம் 25 அடிதான்! பாயைக் கூட்டவும் குறைக்கவும் அவர் மேல்தளத்துக்கு ஓட வேண்டியதில்லை. நடுவில் உள்ள திறப்பில் நின்றபடியே செய்தார்.

குறை இல்லையா? இருக்கிறது. தட்டையாகத் தைத்த ஜங்க் பாய் எதிர்காற்றில் சோம்பேறி. 1968-ல் உலகைச் சுற்றக் கிளம்பிய பில் கிங்கின் ஜங்க் படகு கவிழ்ந்து, மரம் சேதமாகி, பயணமே நின்றது.

பசிபிக் தீவுக்காரர்களின் நண்டுக்கொடுக்குப் பாய் இன்னொரு ரகம். மார்ச்சாய் என்ற ஆய்வாளர் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது, பக்கக்காற்றில் பெர்முடாவையே மிஞ்சியது. ஆனால் அவர்களுடைய ஒற்றைத் துணைமரப் படகில் திசை மாற்ற, பாயின் அடிமுனையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தூக்கிப் போகணும். தனியாளுக்கு அது பெரும்பாடு.

ஆக, என் கட்சி இது: பந்தயத்துக்குப் பெர்முடா, ஆள்பலம் இருந்தால் நண்டுக்கொடுக்கு, தனியாள் நெடும்பயணத்துக்கு ஜங்க். யாருக்கு, எந்தக் கடலுக்கு, உடைந்தால் யார் சரிசெய்வது என்று கேட்காமல் எந்த டிசைனுக்கும் மார்க் போடக் கூடாது.

எங்க வீட்டில் முதன்முதலா காலேஜ் வாசலை மிதித்தவன் நான். எங்க தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனா கட்டுமரத்தில் பாய் கட்டி, காற்றைப் பார்த்துப் பருமலைச் சாய்த்துக் கரை சேர்ந்தவர். ‘படிக்காதவங்க வேலை’ என்று அதை ஒதுக்குவதற்கா நமக்கு டிப்ளமோ? சீனக் கடலோடிகளின் பாயைக் கட்டிக்கொள்ள ஹேஸ்லர் வெட்கப்படவில்லையே!

அடுத்த புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது நூலகத்துக்குப் போங்கள். அப்படியே, அந்த வேலையைக் கையால் செய்த ஒரு பெரியவரிடமும் கேட்டுவிட்டு வாருங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்