ஆளைக் குறைப்பதா சிக்கனம்?

திருவந்திபுரத்தார் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரம் செல்லும் வழியில் செம்மங்குப்பம் என்றோர் ஊர் உண்டு. 2025 ஜூலை 8 காலையில், அவ்வூர் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன்மீது பயணிகள் ரயில் மோதிற்று. மூன்று மாணவச் செல்வங்கள் மாண்டனர். கேட் கீப்பர் கைதானார். அத்துடன் நாடும் அமைதி கொண்டது.

தவறிழைத்தவர் தண்டனை பெறட்டும். அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால், கேட்டை மூடினாலன்றிச் சிக்னல் விழாத இன்டர்லாக்கிங் அமைப்பை அந்தக் கேட் பெற்றிருக்கவில்லை. ஒரு மனிதரையும் ஒரு தொலைபேசியையும் நம்பியே அத்தனை உயிர்களும் விடப்பட்டிருந்தன. மனிதரை நம்பும் நிர்வாகம் மனிதரையேனும் போதுமான அளவில் வைத்திருக்கிறதா?

1990-91இல் இந்திய ரயில்வேயில் ஏறத்தாழ 16½ லட்சம் பேர் பணியாற்றினர். இன்று சுமார் 12 லட்சம் பேரே. சரக்குப் போக்குவரத்தோ இதற்கிடையில் நான்கு மடங்குக்கு மேல் பெருகிற்று. "இயந்திரங்கள் வந்துவிட்டன, ஆள் எதற்கு?" என்பார் உளர். அவர்களுக்கு அரசின் கணக்கே விடை. தேவையென்று அரசே ஒப்புக்கொண்ட பணியிடங்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவை 2022 இறுதியில் காலியாகக் கிடந்தன. தேவையற்ற இடமெனில் ஒழித்திருக்கலாம். தேவையான இடத்தைக் காலியாக வைப்பது எந்த நியாயம்?

2024 ஜனவரியில் உதவி லோகோ பைலட்டுகள் 5,696 பேர் போதுமென விளம்பரம் வந்தது. ஜூன் 17இல் மேற்கு வங்காளத்தில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறம் சரக்கு ரயில் மோதிற்று. அடுத்த சில நாள்களிலேயே அவ்வெண்ணிக்கை 18,799 ஆயிற்று. பிணங்கள் விழுந்த பின்னரா கணக்குத் திருந்துவது?

இது புதிய நோயுமன்று. 1928இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி, நாகூருக்கு அண்டையிலுள்ள நாகப்பட்டினத்துப் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றி, சீரமைப்பின் பெயரால் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கனுப்ப முற்பட்டது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் சிறை சென்றார். அன்று முதலாளி அந்நியக் கம்பெனி. இன்று ரயில்வே நம்முடையது. ஆள்வோர் கையில் நாம் ஒப்படைத்த அமானிதம். தொழிலாளியின் ஓய்வைப் பறித்தும் பயணியின் உயிரைப் பணயம் வைத்தும் காட்டப்படும் லாபம் அந்த அமானிதத்துக்குச் செய்யும் மோசடியேயாகும்.

ஓருயிரை மனித குலம் முழுமைக்கும் நிகராக மதிக்கும் மார்க்கம் நம்முடையது. பரங்கிப்பேட்டைத் தாய்மாரும் திருவந்திபுரத்துத் தாய்மாரும் பிள்ளைகளை அனுப்புவது இதே பாதையில்தான். காலியிடங்களை நிரப்புக, கேட்டுகளுக்கு இன்டர்லாக்கிங் தருக என்று வாக்குக் கேட்டு வருவோரிடமெல்லாம் கேட்போம். மௌனம் நமக்கு அழகன்று.