பூட்டு மட்டும் போதுமா?

அணுகுண்டு, யுரேனியம் என்று பேப்பரில் பார்த்தால், 'அது டெல்லி சமாசாரம், நமக்கென்னங்க?' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். கல்பாக்கம், கூடங்குளம் அணு உலைகளுக்குத் துப்பாக்கிக் காவல் இருக்கிறது. சரி. ஆனால் கதிர்வீச்சுப் பொருள் அங்கே மட்டுமா இருக்கிறது? புற்றுநோய் ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, கல்லூரி ஆய்வுக்கூடம் என்று பல இடங்களில் இருக்கிறதே!

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் என்ன நடந்தது? டெல்லிப் பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்கில் சும்மா கிடந்த ஒரு காமா கருவியைப் பழைய சாமானாக ஏலம் விட்டுவிட்டார்கள். அது காயலான் கடைக்குப் போனது. உள்ளே இருந்தது கோபால்ட்-60. பிரித்து உடைத்தவர்களுக்கு வாந்தி, முடி உதிர்தல், தோல் கறுத்தல். ஒரு தொழிலாளி இறந்தே போனார். யாரும் திருடவில்லை, சதியும் இல்லை. 'இது என்ன சாமான்?' என்று கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்!

1987-ல் பிரேசில் நாட்டு கோயானியாவிலும் இதே கதை. கைவிடப்பட்ட ஆஸ்பத்திரிக் கருவி, பழைய இரும்புக் கடை, நீலமாக ஒளிர்ந்த சீசியம்-137 பொடி. செத்தவர் நால்வர். அதில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி.

சாணார்பட்டிக்காரர்களான எங்களுக்குத் திண்டுக்கல் பூட்டின் அருமை தெரியும். ஆனால் உள்ளே என்ன வைத்தோம் என்பதையே வீட்டுக்காரர் மறந்துவிட்டால், எந்தப் பூட்டு காப்பாற்றும்? பயன்பாடு முடிந்த கதிர்வீச்சுப் பொருளை முறைப்படி ஒப்படைக்க வேண்டும், அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் நகைக்கடைக்காரர் தங்கத்தை எண்ணுகிற மாதிரி வருஷா வருஷம் எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும். மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறி போன்ற அந்த எச்சரிக்கைச் சின்னத்தை, தமிழ் விளக்கத்தோடு பள்ளிக்கூடங்களிலும் காயலான் கடைகளிலும் ஒட்ட வேண்டும். நத்தம் ரோட்டில் பழைய இரும்பு வாங்குகிறவருக்கும் உயிர் ஒன்றுதானே?

அந்தச் சின்னமுள்ள சாமானைக் கண்டால் தொடாதீர்கள், உடைக்காதீர்கள். குழந்தைகளை விலக்கிவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு எக்ஸ்ரேக்குப் பயப்பட வேண்டாம். ஸ்விட்சை அணைத்தால் எக்ஸ்ரே நின்றுவிடும். கோபால்ட்டுக்கு ஸ்விட்ச் கிடையாது. கணக்கு ஒன்றுதான் அதற்குக் காவல்!