நோட்டில் இருக்கும் தமிழ்

நம்ம ரூபாய் நோட்டின் பின்பக்கம் 15 மொழிகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கும். அதில் தமிழுக்கு 13-வது இடம். ஆங்கில அகரவரிசைப்படி அமைந்ததால் யாரும் சண்டைக்குப் போனதில்லை. கடலூர் மார்க்கெட்டில் நோட்டைத் திருப்பிப் பார்ப்பவர்கள் கிழிசலைத்தான் தேடுகிறார்கள்!

மொரீஷியஸில் கதை வேறு. அங்கே நோட்டில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதன்பிறகுதான் இந்தி. 1998-ல் வந்த புதிய நோட்டில் தமிழ் கடைசிக்குப் போனது. தமிழர்கள் கொதித்துப்போய்ப் போராட, அரசு நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தது. ஒரு மொழிக்காகப் பணத்தையே மாற்றிய நாடு!

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், போராடியவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் பேசுவது கிரியோல். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து போன கைவினைஞர்கள், பின்னர் பிரிட்டிஷ் ஆட்சியில் கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒப்பந்தக் கூலிகள்... அவர்களின் வாரிசுகள் இவர்கள். (1782-ல் கடலூரைப் பிடித்த பிரெஞ்சுப் படைக்கு இந்தத் தீவுதான் தளம். பழைய உறவுதான்!)

பேசாத மொழிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? மொழி அங்கே வெறும் பாசம் மட்டுமல்ல, பங்கும்கூட. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற கேள்விக்கே 'தமிழ்' என்று பதில் எழுதுகிறவர்கள் உண்டு. மத அமைப்புகளுக்கு அரசு மானியம் தருகிறது, தமிழ்க் கோயில்களின் கூட்டமைப்புக்கும் சேர்த்து. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. பள்ளியில் தமிழ்ப் பாடம், அதற்குச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள். 1968-ல் விடுதலை பெற்ற குட்டித் தீவில் ஒவ்வொரு சமூகமும் தன் இடத்தை இப்படித்தான் காட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் தப்பு தெரியவில்லை. சோறு போடும் மொழி சீக்கிரம் சாகாது.

ஆனால், நோட்டில் ஏறிய தமிழ் நாக்கில் ஏறவில்லை. கோயிலில் தேவாரத்தை ரோமன் எழுத்தில் வைத்துப் பாடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். தேவார ஏடுகள் கிடைத்ததாகச் சொல்லப்படும் சிதம்பரத்தில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். சிரிக்கும் முன்பு, உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். 'சாப்டியா' என்பது எந்த எழுத்தில் வந்திருக்கிறது?