வடலூரின் இரண்டு வாயில்கள்

பி.எஸ்ஸி., இரண்டாமாண்டு (வேதியியல்)

புலால் உண்பது பாவமா? நூல்கள் என்ன சொல்லுகின்றன? நம் வகுப்பில் மதிய உணவு வேளையில் எழும் இவ்வினா, நான் என் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போது மட்டும் எழுகிறது. திங்கட்கிழமைகளில் அம்மா முதல் நாள் கருவாட்டுக் குழம்பை ஊற்றி அனுப்பிவிடுவார். அதன் மணத்தை மூடி எங்கே அடக்கும்?

உடனே நண்பர்கள் குறளை நீட்டுவர். புலால் மறுத்தல், 26ஆம் அதிகாரம். "அது துறவறவியலில் அல்லவா இருக்கிறது? இல்லறத்தானுக்கு 9ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தது விருந்தோம்பல்" என்று கூறி நான் தப்பிக்கப் பார்த்ததுண்டு. ஆனால் உண்பதற்காகக் கொல்வார் இல்லையேல் விலைக்கு விற்பாரும் இல்லை என்று அதே அதிகாரத்தில் அவர் கூறும்போது, சந்தையில் மீன் வாங்கும் நானும் அகப்பட்டுக்கொள்கிறேன்.

பெரியபுராணமோ வேறு கதை சொல்லுகிறது. காளத்தியில் திண்ணனார் தாம் சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைக்கிறார். ஆகம முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார் மனம் பதைக்கிறார். இறைவனோ வேடனின் அன்பையே பெரிதெனக் காட்டுகிறான். இறைச்சி படைத்தவர் அறுபத்து மூவரில் ஒருவர் ஆனார். அதற்காகப் புலாலுக்குச் சேக்கிழார் சான்றிதழ் கொடுத்துவிட்டார் என்று நான் வாதிடமாட்டேன். அவர் பேசியது அன்பைப் பற்றி.

என்னை உண்மையில் உறுத்துவது நம் நெய்வேலிக்குப் பக்கத்திலுள்ள வடலூர்தான். அங்கே வள்ளலார் 1872இல் அமைத்த சத்திய ஞானசபையின் வாயிலில், கொலையும் புலாலும் தவிர்த்தவரே உள்ளே புகவேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு வெளியே நின்றவன் நான். பொய் சொல்லி நுழைய மனம் வரவில்லை.

சிறிது தூரத்தில் இன்னொரு வாயில். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே சாதியும் கேட்பதில்லை, நேற்று என்ன தின்றாய் என்றும் கேட்பதில்லை. நடவு வேலை இல்லாத நாட்களில் என் ஆயா அங்கேதான் பசியாறியிருக்கிறார்.

புலால் உண்பவர் தம் உறவினத்தார் அல்லர், புற இனத்தார் என்று வள்ளலார் பாடியிருக்கிறார். படித்தபோது வலித்தது. ஆயினும் அவர்களுக்கும் பசியை மட்டும் தவிர்க்கவே சொல்லுகிறார். கொள்கையில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர், சோற்றில் மட்டும் யாரையும் விலக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு என் தூக்கைக் கண்டதும் இடம் மாறி அமரும் நண்பர், இந்த இரண்டாவது வாயிலையும் பார்த்திருக்கிறாரா? மரக்கறி உண்பது அவர் அறம், வணங்குகிறேன். அது அவர் குலப்பெருமையாக மாறும்போதுதான் எனக்கு உடன்பாடில்லை.

புற இனம் என்ற செய்தியை ஆயாவிடம் சொன்னேன். ஆயா வெற்றிலையை மடித்தபடி, "அதனாலென்னடா, சோறு போட்டாரில்ல" என்றார்.

தைப்பூசத்தன்று எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. ஆயா வைத்த சட்டம் அது. மறுநாள் உண்டு.