கோட்டையிலிருந்து வரும் கையெழுத்து

ஜெனீவா என்றாலே பத்திக்காரருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். பழைய வாசகர்களுக்கு இது தெரிந்த வியாதிதான். இந்த வாரம் ஏற்றிவிட்டது ஒரு டிவி விவாதம். ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை பற்றி இந்தியா வழக்கமாகச் சொல்வதை நான்கு பேர் உட்கார்ந்து துணிச்சல் என்று மெச்சினார்கள். சொல்வது என்ன? இலங்கை அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்தை முழுமையாக நிறைவேற்றுங்கள். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் வழியே வந்த திருத்தம் அது.

துணிச்சலின் கணக்கைப் பார்த்துவிடலாம். 2009 மே மாதம், போர் முடிந்த சூடு ஆறுமுன், கொழும்பு தனக்குத் தானே எழுதிக்கொண்ட தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2012-லும் 2013-லும் அமெரிக்கத் தீர்மானத்துக்கு ஆதரவு. 2013-இல் லயோலா மாணவர்களின் உண்ணாவிரதம் மாநிலமெங்கும் பற்றிக்கொண்டது. வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு தி.மு.க. மத்திய ஆட்சியை விட்டு விலகியது. 2014-இல் தேர்தல் வாசலில் நின்றும் இந்தியா வாக்களிக்காமல் நழுவியது. கூட்டணியே போன பிறகு யாருக்குப் பயப்பட வேண்டும்? 2021, 2022 இரண்டிலும் அதே நழுவல்தான்.

டெல்லியைத் திட்டுவது சுலபம், சுகமும்கூட. ஆனால் ஆவடியில் பஸ் ஏறினால் பருத்திப்பட்டு தாண்டிப் பூந்தமல்லி வந்துவிடும். அங்கே ஒரு 'சிறப்பு முகாம்' இருந்தது. 1990-இல் வேலூர்க் கோட்டைத் திப்பு மகாலில் தொடங்கிய ஏற்பாடு. பிறகு செங்கல்பட்டு, பூந்தமல்லி, இப்போது திருச்சி மத்திய சிறை வளாகம். பெயர்தான் முகாம். 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் 3(2)(இ) பிரிவில் ஓர் ஆணை போட்டால் போதுமாக இருந்தது. தண்டனையும் கிடையாது, விடுதலைத் தேதியும் கிடையாது. ஜாமீன் வாங்கிச் சிறை வாசலுக்கு வந்த ஈழத் தமிழரை அங்கேயே ஏற்றிக்கொண்டு போவார்கள். மூடச் சொல்லி உள்ளே இருந்தவர்கள் பட்டினி கிடந்தார்கள்.

அந்த ஆணையில் கையெழுத்து மாநில அரசுடையது. இரண்டு கழக ஆட்சிகளிலும் போடப்பட்டது. ஈழத்தில் பொதுவாக்கெடுப்பு கேட்டு 2013 மார்ச் 27-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதே, அந்தக் காலத்திலும் முகாம் நடந்துகொண்டுதான் இருந்தது. பத்திக்காரரைக் கேட்டால், வெளிநாட்டு அடக்குமுறையைக் கண்டிக்கும் யோக்கியதை இங்கேதான் அடிவாங்குகிறது.

சாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது; அவர்களில் ஒருவர். 2014-இல் அது ஆயுளாகக் குறைந்தது. 2022 நவம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. விடுதலையானவர் வீட்டுக்குத்தானே போக வேண்டும்? திருச்சி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபடியே ஓராண்டுக்கு மேல் அங்கே இருந்தார். ஊருக்கு அனுப்பும் உத்தரவு 2024 பிப்ரவரியில் வந்தது. அதே மாதம் 28-ஆம் தேதி சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். யாழ்ப்பாணம் போனது உடல்தான். அவரோடு விடுதலையான முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் மூவரும் ஏப்ரல் 3-இல் கொழும்புக்கு விமானம் ஏறினார்கள்.

2025 செப்டம்பர் 1 முதல் அந்த 1946 வெளிநாட்டவர் சட்டம் இல்லை. வெளிநாட்டவரை இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரம் புதுச் சட்டத்திலும் பத்திரமாக இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசகர்களே, உங்கள் எம்.எல்.ஏ. அடுத்த முறை ஈழத்துக்காக மேடையில் உருகும்போது, திருச்சி முகாமை எப்போது மூடப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.