பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ என்ன போடணும்? அத்திப்பட்டு இனிஷியலுக்கும் எத்தியோப்பிய ‘டெஸ்ஃபாயே’வுக்கும் என்ன சம்பந்தம்?

அத்திப்பட்டு என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது அஜித் நடித்த ‘சிட்டிசன்’ படம்தான். அந்தப் படத்தில் வருவது அத்திப்பட்டி. அரசாங்கப் பதிவேட்டிலிருந்தே காணாமல் போன கற்பனை ஊர். நிஜமான அத்திப்பட்டு எங்கேயும் போய்விடவில்லை. எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் நடுவில், கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில், அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளையும் காமராஜர் துறைமுகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறது.

ஆனால் இந்த வட்டாரத்தில் வெல்டிங், ஃபிட்டிங், சாரம் கட்டுவது என்று வேலை பழகிக்கொண்டு துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பும் ஒருவருக்கு, பதிவேட்டுச் சிக்கல் ஒன்று நிஜமாகவே வரும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று ‘கிவன் நேம்’, இன்னொன்று ‘சர்நேம்’. முதல் கட்டத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டாவதில்தான் கை நின்றுவிடும். இனிஷியலைப் போடலாமா என்றால், எழுத்து மட்டும் போடக் கூடாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்றால் என்ன? அப்படி ஒன்று வீட்டிலேயே கிடையாதே! கடைசியில் பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்பவர் ‘காலியா விட்டுடலாம்ணே’ என்று சொல்ல, அப்படியே போய்விடும்.

காலியாக விட்டால் என்ன ஆகும்?

2022 நவம்பர் 21-ம் தேதி இதற்கு ஒரு பதில் கிடைத்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில், டூரிஸ்ட் விசாவில் ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. விமான நிறுவனங்கள் டிராவல் ஏஜென்ட்டுகளுக்கு அவசரமாகச் சுற்றறிக்கை அனுப்பின. சில நாட்களிலேயே ஒரு விளக்கமும் வந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்றார்கள். ஏற்கெனவே அங்கே ரெசிடென்ஸ் விசாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது என்பதால் பெரிய கலவரம் இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பலர் தங்கள் பாஸ்போர்ட்டை முதல்முறையாக உற்றுப் பார்த்தது அப்போதுதான்.

அமெரிக்கா வேறு வழி வைத்திருக்கிறது. ஒற்றைப் பெயர் என்றால் அதைத் தூக்கி சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று விசாவில் அச்சடித்துவிடுவார்கள். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. பிறகு அமெரிக்காவில் வங்கிக்குப் போனாலும் லைசென்ஸ் எடுக்கப் போனாலும் அதுவே பெயராக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இதற்குப் பின்னால் இருப்பது யாருடைய தனிப்பட்ட பிடிவாதமும் இல்லை, இயந்திரத்தின் தேவை. பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்தில் கீழே, அம்புக்குறி மாதிரி அடையாளங்களோடு இரண்டு வரிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரிக்கு 44 எழுத்து. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த முறை அது. முதல் வரியில் நாட்டின் குறியீடு முடிந்ததும் முதலில் வருவது சர்நேம். அடுத்து இரண்டு அம்புக்குறிகள். அதற்குப் பிறகுதான் சொந்தப் பெயர். பெயர் ஒன்றே ஒன்று என்றால் அது முழுசாக முதல் இடத்துக்குப் போய்விடும். ஸ்கேன் செய்யும் கருவியைப் பொறுத்தவரை உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது, பெயர்தான் இல்லை.

எத்தியோப்பியாவிலும் இதே கதைதான்

குடும்பப் பெயர் இல்லாதவர்கள் தமிழர்கள் மட்டும்தானா? இல்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்கு அப்பா பெயரோடு ‘மகன்’, ‘மகள்’ என்று சேர்ப்பதுதான் வழக்கம். பர்மியர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் பெயர் வெறும் ‘தாண்ட்’ மட்டும்தான். ‘ஊ’ என்பது மரியாதைச் சொல். 1960-களில் பர்மாவிலிருந்து கப்பலேறித் திரும்பி வந்த குடும்பங்கள் வாழும் வட சென்னையில் இது பலருக்குத் தெரிந்த சங்கதி.

ஆனால் தமிழர்களின் முறையோடு ஏறக்குறைய அச்சாகப் பொருந்துவது எத்தியோப்பிய முறை. அங்கே ஒருவருக்குச் சொந்தப் பெயர், அதன் பின்னால் அப்பா பெயர், தேவைப்பட்டால் தாத்தா பெயர். அவ்வளவுதான். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. அப்பா பெயரே தொடரும். அந்த விஷயத்தில் நம்மைவிட அவர்கள் பரவாயில்லை. இங்கே கல்யாணமானதும் இனிஷியலை மாற்றப் போய், சர்டிஃபிகேட் ஒரு பெயரிலும் ஆதார் ஒரு பெயரிலுமாக அலையும் பெண்கள் எத்தனை பேர்!

உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் அதனோம் கெப்ரயேசுஸை எல்லோரும் ‘டாக்டர் டெட்ரோஸ்’ என்று கூப்பிடுவதைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். அது செல்லமோ உரிமையோ கிடையாது. அவருடைய பெயரே டெட்ரோஸ்தான். அதனோம் அப்பா, கெப்ரயேசுஸ் தாத்தா. ஓட்டப்பந்தய ஜாம்பவான் ஹைலே கெப்ரசெலாசி எத்தியோப்பியாவில் நடத்தும் ஹோட்டல்களும் ‘ஹைலே’ என்ற பெயரில்தான் இருக்கின்றன. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய டிருனேஷ் டிபாபா, கென்செபே டிபாபா இருவரும் அக்கா தங்கை. ‘டிபாபா’வைக் குடும்பப் பெயர் என்று உலகம் நினைத்துக்கொண்டது, அது அவர்கள் அப்பாவின் பெயர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற டெரார்டு டுலுவும் இவர்களுடைய உறவுக்காரர்தான். அப்பா வேறு என்பதால் பின்பெயரும் வேறு.

ஒரே ‘டெஸ்ஃபாயே’, இரண்டு கணக்கு

1974-ல் பேரரசர் ஹைலே செலாசியின் ஆட்சி கவிழ்ந்து ராணுவ ஆட்சி வந்தபின் எத்தியோப்பியர்கள் பெரும் எண்ணிக்கையில் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் சுற்றுவட்டாரம், கனடாவில் டொரன்டோ, ஐரோப்பா, இஸ்ரேல் என்று பரவினார்கள். போன இடத்தில் எல்லாம் அதே கட்டம், அதே கேள்வி. அப்பா பெயரோ தாத்தா பெயரோ, அன்றைக்கு எது கைக்கு வந்ததோ அது சர்நேம் ஆகிவிட்டது.

‘டெஸ்ஃபாயே’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். அம்ஹாரிக் மொழியில் ‘என் நம்பிக்கை’ என்று பொருள். எத்தியோப்பியாவில் ஆண் குழந்தைகளுக்குச் சாதாரணமாக வைக்கும் பெயர். இங்கே குமார், செல்வம் மாதிரி. இன்று அது பல நாடுகளில் குடும்பப் பெயராக நடமாடுகிறது. ‘தி வீக்என்ட்’ என்ற பெயரில் உலகமே கேட்கும் பாடகரின் உண்மையான பெயர் ஏபெல் மக்கோனென் டெஸ்ஃபாயே. 1990-ல் டொரன்டோவில் பிறந்தவர். டென்மார்க்கில் 2019-ல் குடியேற்றத் துறை அமைச்சரான அரசியல்வாதி மத்தியாஸ் டெஸ்ஃபாயே. இருவருக்கும் ஒரே சர்நேம். சொந்தமா? இல்லவே இல்லை. அத்திப்பட்டில் ஒரு குமார் மகனும் அம்பாசமுத்திரத்தில் ஒரு குமார் மகனும் எப்படியோ, அப்படித்தான்.

சுவாரசியம் இதற்கு மேல்தான். மத்தியாஸின் அப்பாவின் சொந்தப் பெயரே டெஸ்ஃபாயே. ஆக, எத்தியோப்பிய முறைப்படி அந்தப் பெயர் சரி. ஏபெலின் அப்பா பெயர் மக்கோனென். மக்கோனெனின் அப்பாதான் டெஸ்ஃபாயே. ஊர் வழக்கப்படி அவர் ‘ஏபெல் மக்கோனென்’ ஆக வேண்டியவர். அப்பாவின் பாஸ்போர்ட் சர்நேம் மகனுக்கும் இறங்கியதால் தாத்தா பெயர் நிலைத்துவிட்டது; அப்பா பெயர் நடுவில் ஒடுங்கிவிட்டது. ஒரே பெயர், இரண்டு நாடு, ஒரு தலைமுறை வித்தியாசம். தமிழ்க் குடும்பம் ஒன்று அந்தக் கட்டத்தை நிரப்பும்போது நடப்பதும் இதேதான். அநேகம் பேர் அதை அப்போது யோசிப்பதில்லை.

கூகுளின் சுந்தர் பிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பிச்சை’ அவருடைய அப்பாவின் பெயர். உலகப் பத்திரிகைகள் அவரை ‘மிஸ்டர் பிச்சை’ என்று எழுதும்போது, தமிழ்நாட்டுக் கணக்குப்படி அவர் அப்பாவைத்தான் கூப்பிடுகின்றன. செஸ் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் கதை தலைகீழ். அப்பா பெயர் முன்னால் இருந்ததால், அதுதான் முதல் பெயர் என்று நினைத்து வெளிநாட்டுக்காரர்கள் ‘விஷி’ ஆக்கிவிட்டார்கள். கனடாவில் அமைச்சரான ஹரி ஆனந்தசங்கரியின் பெயரைக் கேட்டால், இலங்கைத் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய அப்பா, தமிழர் விடுதலைக் கூட்டணியின் வீ. ஆனந்தசங்கரிதான்.

அப்போ சாதிப் பெயர்?

இனிஷியல் மட்டும் போதும் என்ற நிலை தானாக வந்ததல்ல. ஊர் பெயர், அப்பா பெயர், சொந்தப் பெயர், கடைசியில் சாதிப் பட்டம் என்று நீளமாக எழுதியவர்கள்தான் நம்மவர்களும். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டை ஒட்டி வாலை வெட்டும் பழக்கம் வேகம் பிடித்தது. பெரியாரே ‘நாயக்கர்’ என்பதை விட்டார். ஈரோட்டுக்கு ‘ஈ’, வெங்கடப்பருக்கு ‘வெ’ மட்டும் மிஞ்சியது. பெயரைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாத மாநிலம் என்று தமிழ்நாடு பெருமைப்படுவது இதனால்தான்.

அதற்கு முன்பே கப்பலேறியவர்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1860 நவம்பர் 16-ல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேருடன் டர்பனில் போய் நின்றது. கிளம்பியது மெட்ராஸிலிருந்து. அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. கடற்கரையிலிருந்து மசூலாப் படகில் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களில் பெரும்பகுதி மெட்ராஸ் வழியாகப் போனவர்கள். அவர்களின் வாரிசுகளிடம் இன்றைக்கும் ‘கவெண்டர்’, ‘மூட்லி’, ‘பிள்ளை’, ‘நாயுடு’, ‘படையாச்சி’ எல்லாம் சர்நேமாக இருக்கின்றன. கவுண்டரும் முதலியும்தான் அங்கே அப்படித் திரிந்தன. சாதியே என்னவென்று தெரியாத பிள்ளைகளும் அந்தப் பெயரோடு ஸ்கூலுக்குப் போகிறார்கள். ‘பெருமாள்’, ‘முனுசாமி’ என்று சர்நேம் வைத்திருப்பவர்களும் உண்டு. எந்தத் தலைமுறைத் தாத்தாவின் பெயரோ அப்படியே உறைந்துவிட்டது.

மலேசியாவும் சிங்கப்பூரும் இந்தச் சிக்கலைச் சுலபமாகத் தாண்டின. அங்கே பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ‘மகன்’, ‘மகள்’ என்பதற்கான சுருக்கத்தைப் போட்டு எழுதுவது வழக்கம். இனிஷியலை விரித்துப் பின்னால் வைத்த மாதிரிதான். யார் யாருடைய பிள்ளை என்பது தெளிவு. சர்நேம் கேட்கிற நாட்டுக்குப் போனால் அவர்களும் மாட்டிக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, என்னதான் போடுவது?

செல்வம் மகன் முருகன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு வழி. அப்பா பெயரை சர்நேமாகப் போட்டால் ‘முருகன் செல்வம்’. வெளிநாட்டில் ‘மிஸ்டர் செல்வம்’ என்று அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும். நாளைக்கு அங்கே குழந்தை பிறந்தால், தகப்பனின் சர்நேமையே பிள்ளைக்கும் எழுதும் நாடுகளில் தாத்தா பெயர் போய் ஒட்டும், ஏபெல் கணக்கு. மாறாக அப்பா பெயரை முன்னால் வைத்து, தன் பெயரை சர்நேம் ஆக்கினால் ‘செல்வம் முருகன்’. குழந்தைக்கு ‘முருகன்’ வரும், மத்தியாஸ் கணக்கு. தமிழ் இனிஷியல் முறைக்கு இது நெருக்கம். ஆனால் விஷி ஆனந்த் மாதிரி, முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஊரில் அப்பா பெயரிலேயே பேச்சுவார்த்தை நடக்கும். இரண்டிலுமே கொஞ்சம் இழப்பு இருக்கிறது.

வேலைக்காக இரண்டு மூன்று வருடம் போய்த் திரும்புபவருக்கு முதல் வழியே போதும். பத்தாம் வகுப்பு சான்றிதழ், ஆதார், பான் மூன்றிலும் இனிஷியலை ஒரே மாதிரி விரித்திருந்தால் கேள்வி குறையும். பான் கார்டு விண்ணப்பத்திலும் இனிஷியல் மட்டும் போட அனுமதி இல்லை என்பதால், அங்கே எப்படி விரித்தீர்களோ அதையே பாஸ்போர்ட்டுக்கும் எடுத்துக்கொள்வது நல்லது. சர்நேம் கட்டத்தைக் காலியாக விடுவது மட்டும் வேண்டாம். ஏற்கெனவே காலியாக இருந்தால், திருத்திய பெயரோடு மறு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது விசா அடிப்பதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். இல்லையென்றால் விசாவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிடும்.

குடும்பத்தோடு வெளிநாட்டில் தங்கப் போகிறவர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். விண்ணப்பத்தைத் திறக்கும் முன் அண்ணன் தம்பி, மனைவி எல்லோரும் உட்கார்ந்து ஒரே முறையை முடிவு பண்ணிக்கொள்ளலாம். கணவனுக்கு ஒரு சர்நேம், மனைவிக்கு அவர் அப்பா பெயரில் ஒரு சர்நேம், குழந்தைக்கு மூன்றாவதாக ஒன்று என்று இருந்தால், குடும்ப விசா கேட்கும் இடத்தில் கல்யாணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் கையிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கும்.